சிப்பிக்குடாவில் பழைய சாமான்கள் மிதந்த பங்குனி

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம், இரண்டுக்கும் நடுவில் ஒரு பாய் விரித்த அகலத்துக்கு ஊர் என்று கிடக்கிற சிப்பிக்குடாவில், மாசி மாதக் கடைசி வாரம், செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, செபஸ்தியம்மாள் டீச்சர் வீட்டுக்கு இணையக் கடையிலிருந்து புது வாஷிங் மெஷின் வந்து இறங்கியது. கொண்டுவந்த ஆள் ஓடிபி கேட்க, டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைத் தூரத்தில் பிடித்து ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல, நாலாவது எண் அவர் வாயை விட்டு வெளியே வந்ததும், பதினாறு வருஷமாக அந்த வீட்டு அழுக்கையெல்லாம் தின்ற பழைய மெஷின் கொல்லையில் ஒரு தடவை குலுங்கி, குழாயைத் தானே உதறிவிட்டு, மெல்ல எழும்பி, முருங்கைமரத்து உச்சிக்குச் சமமாகப் போய் நின்றது.

டீச்சர் அண்ணாந்து பார்த்தார். வண்டியில் கயிறு இருக்கிறதா என்று கேட்டார். வந்தவர் அவிழ்த்துக் கொடுத்தார், இருவருமாகச் சேர்ந்து அதைத் துவைக்கிற கல்லில் கட்டினார்கள், டீச்சர் அவருக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்தார், அவர் அடுத்த வீட்டுக்குப் போனார். அடுத்த வீட்டில் மிக்சி. அங்கேயும் நாலாவது எண்ணைச் சொன்னதும் பழைய மிக்சி அடுக்களை ஜன்னல் வழியே வெளியேறியது, மூடி தனியாக, ஜார் தனியாக, தாயும் பிள்ளைகளும் போல.

ஊர் இதைப் பழகிக்கொள்ள மூன்று நாள் எடுத்தது. முதல் நாள் அண்ணாந்து பார்த்தார்கள், இரண்டாம் நாள் கயிறு வாங்கினார்கள், மூன்றாம் நாள் யார் வீட்டுச் சாமான் அதிக உயரத்தில் நிற்கிறது என்று சண்டை போட்டார்கள். பங்கு சாமியாரும் பள்ளிவாசல் இமாமும் அம்மன் கோயில் பூசாரியும் டீக்கடையில் கூடி ஒரு மணி நேரம் பேசி, இது மின்வாரியத்தைச் சேர்ந்த விஷயம் என்று ஒருமனதாக முடிவு செய்தார்கள். மின்வாரியம், கம்பிக்குப் பத்தடிக்குள் எந்தச் சாமானையும் மிதக்கவிடக் கூடாது என்று கம்பத்துக்குக் கம்பம் அறிவிப்பு ஒட்டியதோடு தன் கடமையை முடித்துக்கொண்டது.

அதன் பிறகு ஒரே கொண்டாட்டம். வெயிலில் காய்கிற மொட்டை மாடிகளுக்கு மேல் பழைய பிரிட்ஜுகள் வரிசையாக நின்று நிழல் கொடுத்தன. பெண்கள் அந்த நிழலில் வடகம் பிழிய உட்கார்ந்து, வடகத்துக்கு வெயில் வேண்டுமே என்று கயிற்றைப் பிடித்துப் பிரிட்ஜைத் தள்ளி, தங்களுக்கு நிழல் வேண்டுமே என்று திரும்ப இழுத்தார்கள். படகுக்காரர்கள் ஆளுக்கொரு பழைய டிவியைப் படகுக்கு மேலே கட்டிக்கொண்டு கடலுக்குப் போனார்கள். கரையில் நிற்கிறவர்கள் ஆறு மைலுக்கு அந்தப் பக்கமே இன்னார் வருகிறார் என்று கண்டுபிடித்து அடுப்பைப் பற்றவைத்தார்கள். மைக்ரோவேவ் அடுப்புக்குள் மைனா குஞ்சு பொரித்தது. பெண் பார்க்க வந்தவர்கள் வாசலில் நின்று, வீட்டுக்கு மேலே எத்தனை மிதக்கிறது என்று எண்ணிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினார்கள். இணையக் கடையில் கருத்துச் சொல்கிற இடத்தில் சிப்பிக்குடாக்காரர் ஒருவர், புது பிரிட்ஜ் சுமார், பழைய பிரிட்ஜ் பிரமாதமாகப் பறக்கிறது, ஐந்து நட்சத்திரம் என்று எழுத, அதைப் பார்த்துவிட்டு, பழுதில்லாத சாமான் வைத்திருந்தவர்களும் பழையது பறக்கிற அழகைப் பார்ப்பதற்கென்றே புதியது வாங்கினார்கள்.

ஊரே சிரித்துக்கொண்டிருந்த அந்த நாட்களில் சிரிக்காமல் இருந்தவள் தங்கபுஷ்பம் ஒருத்திதான்.

கடைத்தெருக் கடை என்றால் வீணாய்ப்போன மிக்சியைக் கொண்டுபோய்க் கல்லாவுக்கு முன்னால் வைத்துச் சண்டை போடலாம். இணையக் கடைக்கு வாசலும் இல்லை, கல்லாவும் இல்லை, சண்டை போட முகமும் இல்லை. அதனால்தான், விற்கிறவர்களே பழையதைத் திரும்ப வாங்கி ஒழுங்காகப் பிரித்து ஒப்படைக்க வேண்டும் என்று விதி வந்தபோது, இணையக் கடைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு நிதி போட்டு, சில ஊர்களில் ஆளுக்கு நேராக வந்து கொடுக்க ஒரு வாசல் திறந்தார்கள். சிப்பிக்குடாவுக்கு வந்த வாசல், உப்பளத்துச் சாலையில் ஒரு பெரிய தகரக் கொட்டகையும், முற்றத்தில் லாரி ஏறுகிற அளவுக்கு ஓர் எடைமேடையும், பதினோரு நாற்காலிகளும். தங்கபுஷ்பம் அதற்குப் பொறுப்பாளி. இருபத்திரண்டு வருஷம் உப்பளத்தில் வெயிலில் நின்று உப்பு வாரியவள். குதிகாலில் வெடிப்பு இன்னும் மூடவில்லை. அவளோடு உப்பு வாரிய பத்துப் பேரையும் சேர்த்துக்கொண்டு, கையுறை மாட்டி, பழைய சாமான்களை ஆணி ஆணியாகக் கழற்றி, செம்பைத் தனியாக, கண்ணாடியைத் தனியாக, பிரிட்ஜுக்குள் இருக்கிற வாயுவை வெளியே விடாமல் உறிஞ்சித் தனியாகப் பிரிக்கிற வேலை. நிழலில், நாற்காலி போட்டு உட்கார்ந்து செய்கிற வேலை. முதல் நாள் அந்த நாற்காலிகளில் உட்காரக் கூச்சப்பட்டு பதினோரு பேரும் மதியம் வரை நின்றுகொண்டே செய்தார்கள் என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

வாசல் திறந்திருக்க ஒரு நிபந்தனை இருந்தது. மார்ச் முப்பத்தொன்றுக்குள் ஐந்து டன் பழைய சாமான் எடை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வாசல் வேறு ஊருக்குப் போய்விடும்; நாற்காலிகளும் கூடவே போகும்; பதினோரு பேரும் திரும்ப வெயிலுக்குப் போக வேண்டும்.

ஐந்து டன் என்ன, ஊரில் அதற்கு மேலேயே இருந்தது. ஆனால் எல்லாம் தலைக்கு மேலே இருந்தது. ஒவ்வொன்றாகக் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, எடைமேடையில் கட்டி, எடை பார்க்கிற அந்தோணிப்பிச்சையிடம் எவ்வளவு என்று கேட்டால், அவர் கண்ணாடியைத் துடைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, சைபர் என்பார். முப்பது பிரிட்ஜ் கட்டினாலும் சைபர். ஒரு நாள் முப்பத்தொன்றாவதைக் கட்டியபோது, மேடைமேல் நின்ற அந்தோணிப்பிச்சையின் எடையிலேயே நாலு கிலோ குறைந்தது. அன்றைக்கு அவர் வீட்டுக்குப் போய் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டார்.

தங்கபுஷ்பம் நிதி அலுவலகத்துக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள். சாமான் மிதப்பது பற்றி அவர்களுக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை. மிதக்கட்டும், எத்தனை கிலோ மிதக்கிறது என்று மட்டும் கேட்டார்கள். அதோடு இன்னொன்றும் சொன்னார்கள்: எவ்வளவு விற்கிறதோ அதற்குத் தக்கபடிதான் திரும்ப வாங்க வேண்டிய எடையும்; சிப்பிக்குடாவில் விற்பனை திடீரென்று ஏறிவிட்டதால், ஐந்து டன் இனி எட்டு டன்.

அந்தோணிப்பிச்சை யோசனை சொன்னார், பிரிட்ஜுக்குள் கல்லை வைத்துக் கட்டலாம் என்று. தங்கபுஷ்பத்துக்கு மனசில்லை, ஆனாலும் கல் சாமானை இறக்கிப் பார்க்கத்தானே, கணக்கில் சேர்க்கப்போவதில்லையே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஒரு நாள் வைத்துப் பார்த்தாள். பிரிட்ஜ் இறங்கியது. நாற்பது கிலோ கல் வைத்தால் நாற்பது கிலோ என்று காட்டியது. கல்லை எடுத்ததும் ஒரு துள்ளலில் பழைய உயரத்துக்குப் போய், கொஞ்சம் ஏளனமாகக் கதவைத் திறந்து மூடியது.

இப்படியே பங்குனி பிறந்து, மார்ச் முடியப் பன்னிரண்டு நாள் இருக்கையில், மைதீன் பாத்து தன் பிரிட்ஜைக் கொண்டுவந்தாள். எழுபதைத் தாண்டியவள், நடக்கிற நடையில் முப்பது. கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, மேலே பச்சை நிற பிரிட்ஜ் மேகம் போல வர, வழியெல்லாம் அதோடு பேசிக்கொண்டே வந்தாள். மருமகள் புதுசு வாங்கிவிட்டாளாம், பழசை மாடியில் கட்டிவைத்துப் பெருமையடிக்கத் தனக்குப் பிடிக்கவில்லையாம், கொடுத்தவன் கேட்டால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதானே என்றாள். கொட்டகை வாசலில் வந்து பிரிட்ஜைக் கீழே இழுத்து, கதவைத் திறந்து, முந்தானையிலிருந்து ஒரு பிடி சர்க்கரையை எடுத்து முட்டை வைக்கிற குழியில் போட்டாள். இரண்டு எலுமிச்சம்பழத்தையும் பக்கத்தில் உருட்டிவிட்டாள்.

இது எதற்கு மாமி என்று தங்கபுஷ்பம் கேட்டாள்.

"ஏளா, நீ குழம்பு கொடுத்துவிட்ட கிண்ணத்த நான் என்னைக்காவது வெறுங்கிண்ணமா திருப்பி அனுப்பியிருக்கேனா? இது மட்டும் பாத்திரம் இல்லையா? வரும்போது உள்ளுக்கு எவ்வளவு தெர்மோகோல் வச்சு அனுப்புனான்."

சொல்லி முடித்துக் கதவைச் சாத்தினாள். பிரிட்ஜ் தொம்மென்று தரையில் உட்கார்ந்தது. மைதீன் பாத்து தன் கால் கட்டைவிரலைச் சரியான நேரத்தில் இழுத்துக்கொண்டாள்.

நாலு பேர் சேர்ந்து தூக்கி எடைமேடையில் வைத்தார்கள். அறுபத்திரண்டு என்றார் அந்தோணிப்பிச்சை. தங்கபுஷ்பம் சர்க்கரையை ஒரு டப்பாவில் வாங்கிக்கொண்டு, எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு, உள்ளே ஈரத் துணியால் துடைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிரிட்ஜ் எழும்பவில்லை. அக்கம்பக்கத்தில் கொடுத்து வாங்குகிற பாத்திரத்துக்கு எது முறையோ அதுவே தனக்கும் முறை என்பது போல, வந்த இடத்தில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தது.

அதற்கப்புறம் உப்பளத்துச் சாலையைப் பார்த்திருக்க வேண்டும். காலை ஏழு மணியிலிருந்து சாயங்காலம் வரை, ஆளுக்கொரு கயிறும் கயிற்றின் முனையில் ஒரு சாமானுமாக, தலைக்கு மேலே கிரைண்டரும் ஏர்கூலரும் கம்ப்யூட்டரும் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ள, சப்பரம் தூக்கி வருகிற மாதிரி வந்தார்கள். மிக்சி ஜாரில் சர்க்கரை, வாஷிங் மெஷினில் ஒரு சீப்பு வாழைப்பழம், டிவியின் பின்னால் காற்றுப் போகிற ஓட்டையில் செருகிய முறுக்கு, ஹீட்டருக்குள் கற்கண்டு, செபஸ்தியம்மாள் டீச்சரின் மெஷினில் மடித்து வைத்த ஒரு புதுத் துண்டு. பழைய போனுக்குள் என்னத்தை வைப்பது என்று ஊரே குழம்பி நின்றபோது, தையற்கடைக்காரர் ஒருவர் பின்மூடியைக் கழற்றி ஒரு மல்லிகை இதழை வைத்து மூட, அன்று மாலைக்குள் ஊரில் மல்லிகைப் பூ கிடைக்காமல் போயிற்று. முறுக்கின் அளவுக்கு டிவியின் எடை கூடுமா என்று சோதித்தவர்களும் உண்டு, கூடவில்லை. சர்க்கரை ஒரு சிட்டிகையானாலும் சரி, ஒரு மூட்டையானாலும் சரி, சாமான் தன் எடைக்கு ஒரு கிராம் கூடவும் காட்டாது, குறையவும் காட்டாது. வெறுமனே தள்ளிவிட்டுப் போகப் பார்த்த ஒரு லாரி முதலாளியின் ஏசி மட்டும் அவர் போகிற இடமெல்லாம் பின்னாலேயே மிதந்து போய், கடைசியில் அவர் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

கொட்டகைக்கு எறும்பு வந்தது. பதினோரு பெண்களும் வாரத்தில் நாலு நாள் பாயசம் வைத்தார்கள். சாமான்கள் எடைமேடைமேல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி மாதா கோயில் கோபுரத்தில் பாதி உயரம் வந்தன. மார்ச் முப்பத்தொன்று காலையில் அந்தோணிப்பிச்சை எட்டாயிரத்து இருநூற்றுப் பதினாலு என்றார்.

அன்றைக்குத்தான் சரிபார்க்கிற அதிகாரி சென்னை நிதி அலுவலகத்திலிருந்து வந்தார். கோதண்டம் என்று பெயர்; மெலிந்த மனிதர், சட்டைப் பையில் நாலு பேனா, கையில் சான்றிதழ்ப் புத்தகம். ரயிலில் இரவெல்லாம் உட்கார்ந்து வந்தவர் காலைச் சாப்பாடும் சாப்பிடவில்லை. மோர் கொடுத்தார்கள், வேண்டாம் என்றார். பாயசம் கொடுத்தார்கள், சரிபார்க்க வந்த இடத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, விதி என்றார். பல நாள் சைபர் காட்டிய எடைமேடையை நம்ப முடியாது என்பதும் அவர் கருத்து; அதனால் நிதி அலுவலகமே ஒரு புது எடைக் கருவியை அனுப்பியிருக்கிறது, இன்றைக்கு வந்துவிடும், அதில் ஒவ்வொன்றாக எடை பார்த்துத்தான் கையெழுத்து என்றார். அதுவரை சும்மா இருப்பானேன் என்று, அந்தோணிப்பிச்சையைக் கூட்டிக்கொண்டு எடைமேடைமேல் ஏறி, சாமான்களின் பின்னால் ஒட்டியிருக்கிற எண்களைப் படிக்க ஆரம்பித்தார்.

மதியம் ஒரு மணிக்கு வண்டி வந்தது. நிதி அலுவலகம் புதுக் கருவியை அந்தோணிப்பிச்சையின் பெயருக்குத்தான் அனுப்பியிருந்தது. பெட்டியை இறக்கி வைத்த ஆள் ஓடிபி கேட்டார். அந்தோணிப்பிச்சை மேடைமேல் நின்றபடியே போனை எடுத்துப் படித்தார். ஏழு என்றார். இரண்டு என்றார். தன் சாப்பாட்டுத் தூக்கோடு கொட்டகையிலிருந்து வெளியே வந்த தங்கபுஷ்பத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

"அண்ணாச்சி, அடுத்தத சொல்லாதீய."

அதற்குள் அவர் ஒன்பது, நாலு என்று முடித்திருந்தார்.

புதிய எடைக் கருவி வந்த இடத்தில் பழைய எடைமேடை வேறென்ன செய்யும். நாலு மூலையிலும் ஆணி தெறிக்க, சிமெண்ட் பெயர, எட்டு டன் சாமானையும் இரண்டு ஆளையும் ஒரு தட்டில் வைத்த பலகாரம் போல ஏந்திக்கொண்டு எழும்பியது. சாமான்களில் கட்டிய கயிறுகள் நூற்றுக்கணக்கில் விழுதுகளாகத் தொங்கின. ஊரே ஓடிவந்து ஆளுக்கொன்றாகப் பிடித்தது. நிலத்துக் காற்று கடல் பக்கம் தள்ளியது. படகுக்காரர்கள் வலை இழுக்கிற பாட்டைப் பாடிக்கொண்டு இழுத்தார்கள், ஆனாலும் மேடை ஒரு முழம், இன்னொரு முழம் என்று ஏறிக்கொண்டேதான் இருந்தது. பிடித்தவர்களில் ஒல்லியாக இருந்தவர்கள் குதிகால் தரையை விட்டு எழும்ப, பக்கத்தில் இருந்தவர்கள் அவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஊருக்கு வைத்தியம் தெரியும். சர்க்கரையை வீசினார்கள், காற்று அள்ளிக்கொண்டு போய்க் கடலில் கொட்டியது. எலுமிச்சம்பழம் எறிந்தார்கள், அந்தோணிப்பிச்சை இரண்டைப் பிடித்துவிட்டார், பிரயோஜனமில்லை. கதவும் மூடியும் இல்லாத வெறும் இரும்புத் தட்டுக்குள் எதை வைப்பது? உள்ளே என்று ஓர் இடமே அதற்குக் கிடையாதே.

"கிண்ணத்துல வைக்க முடியலைன்னா கிண்ணத்துக்காரன் கையில குடுக்கணும்" என்றாள் மைதீன் பாத்து. "மேடைய அனுப்புனவங்க ஆளு மேலதான நிக்காரு."

தங்கபுஷ்பம் கையில் இருந்தது அவளுடைய மதியச் சாப்பாடு. சோறும், சாளை மீன் குழம்பும், அவித்த முட்டையும். தூக்குவாளியைத் தொங்குகிற கயிறு ஒன்றில் கட்டி மேலே இழுக்கச் சொன்னாள். அந்தோணிப்பிச்சை இழுத்து, முடிச்சை அவிழ்த்து, அதிகாரியிடம் நீட்டினார். கோதண்டம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். வாங்கக் கூடாது என்றார். கீழே கடல் வர ஆரம்பித்துவிட்டது. அப்போதும் வாங்கக் கூடாது என்றார்.

தங்கபுஷ்பம் அண்ணாந்து நின்று சொன்னாள், சத்தம் போடாமல்தான், ஆனால் ஊர் முழுக்க வாயை மூடிக்கொண்டதால் மேலே கேட்டது.

"சார், நான் எதையும் வாங்குததுக்காவ இத குடுக்கல. உங்க மேடை எங்களுக்கு ரெண்டு வருஷம் நிழல் குடுத்திருக்கு. அத வெறும் தட்டா திருப்பி அனுப்ப எனக்கு ஏலாது. கையெழுத்துப் போட வேண்டாம். சோத்த மட்டும் தின்னுங்க."

கோதண்டம் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார், கொஞ்ச நேரம் தூக்குவாளியைப் பார்த்தார். பிறகு ஒரு கிரைண்டர்மேல் உட்கார்ந்து மூடியைத் திறந்தார். முதல் கவளம் வாய்க்குள் போனதும் மேடை ஓரடி இறங்கியது.

இரண்டாவது கவளத்துக்கு இன்னும் ஓரடி. கீழே ஆரவாரம். பசித்த மனிதர், குழம்பின் ருசியில் வேகமாக அள்ள ஆரம்பிக்க, மேடை சடசடவென்று இறங்கி ஏர்கூலர்கள் ஆட, மெல்லச் சாப்பிடச் சொல்லுங்கள் என்று ஊரே அந்தோணிப்பிச்சையிடம் கெஞ்சியது. முள்ளைப் பார்த்து எடுத்தபோது மேடை அந்தரத்தில் நின்றது. கயிற்றைப் பிடித்தவர்கள் கரைப் பக்கம் இழுத்துக் கொட்டகை முற்றத்துக்கு நேராகக் கொண்டுவந்தார்கள். கோதண்டம் முட்டையை இரண்டாகப் பிட்டு அந்தோணிப்பிச்சைக்குப் பாதி கொடுத்தார். அந்தப் பாதிக்கு மேடை அரையடிதான் இறங்கியது. அதிகாரி கடைசிப் பருக்கையை விரலால் வழித்து வாயில் வைத்தபோது, பழைய பள்ளத்திலேயே ஒரு சத்தமும் இல்லாமல் வந்து உட்கார்ந்தது.

சாயங்காலம் வரை புதுக் கருவியில் ஒவ்வொன்றாக எடை பார்த்தார்கள். எட்டாயிரத்து இருநூற்றுப் பதினாலு. எல்லாம் சரியாக இருந்தது. கோதண்டம்தான் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"நான் சாப்பிட்டுட்டேன் அம்மா. சாப்பிட்ட இடத்துல நான் கையெழுத்துப் போடக் கூடாது."

 போடவேண்டாம் என்று சொல்லித்தானே தங்கபுஷ்பம் கொடுத்தாள். கொட்டகைக்குள் வரிசையாகக் கிடந்த பதினோரு நாற்காலிகளை ஒரு தடவை பார்த்துவிட்டு, தூக்குவாளியைத் தாருங்கள் சார், கழுவ வேண்டும் என்று கையை நீட்டினாள்.

அவர் தானே குழாயடிக்குப் போய் அதைக் கழுவினார். துடைத்துக்கொண்டு வந்தார். அவள் கைக்குப் பக்கம் வரை நீட்டினார். நீட்டிய கை நின்றது. திரும்ப இழுத்துக்கொண்டார். இந்த மனிதரும் ஏதோ ஒரு தெருவில், ஏதோ ஒரு வீட்டில், பக்கத்து வீட்டுக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க அனுப்பப்பட்டு வளர்ந்தவர்தானே. பையில் தேடினார், கைக்குட்டை, ரயில் டிக்கெட், நாலு பேனா. முற்றத்தைச் சுற்றி வந்தார். உப்பளத்து ஊரில் பறித்துப் போட ஒரு பூகூட இல்லை. பாவமே என்று ஒருத்தி கொஞ்சம் சர்க்கரையை எடுத்து நீட்டப் போக, மைதீன் பாத்து அவள் கையில் பட்டென்று ஓர் அடி வைத்தாள். ஊர் முழுக்க மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டு காத்திருந்தது.

கடைசியில் கோதண்டம் அக்குளில் இடுக்கியிருந்த சான்றிதழ்ப் புத்தகத்தைப் பிரித்தார். நின்றுகொண்டே எழுதினார், கையெழுத்துப் போட்டார், தாளைக் கிழித்து நாலாக மடித்துத் தூக்குவாளிக்குள் வைத்து மூடியை அழுத்தி மூடி இரண்டு கையாலும் கொடுத்தார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று அதன் பிறகு ஒரு நிமிஷமும் நிற்கவில்லை.

மூடியைத் திறந்து தாளைப் படித்தவர் செபஸ்தியம்மாள் டீச்சர். எடை: எட்டாயிரத்து இருநூற்றுப் பதினாலு கிலோ. நிலையம் தொடரலாம். குறிப்பு: அதிகாரி இந்த இடத்தில் ஒரு வேளை சாப்பாடு பெற்றுக்கொண்டார், அதில் குறை ஒன்றும் இல்லை.

மறுநாள் பதினோரு பேரும் வந்து, யாரும் சொல்லாமலே, மதியம் வரை அந்த நாற்காலிகளில் உட்கார்ந்துகொண்டே இருந்தார்கள். இப்போதெல்லாம் இணையக் கடையில் சிப்பிக்குடாவின் பின்கோடைப் போட்டால், பழையதைத் திருப்பித் தரும்போது உள்ளே ஏதாவது வைத்துத் தரவும் என்று ஒரு வரி வருகிறது. சென்னையில் நிதி அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், கோதண்டத்தின் சான்றிதழ்ப் பிரதிகள் இருக்கிற இரும்பு அலமாரிக்கு முன்னால், எங்கிருந்தோ வந்த இரண்டு பூனைகள் சாளை மீன் வாசனையை விட மனசில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன. அங்கே வேலை செய்கிறவர்கள் அவற்றைத் தாண்டிப் போகப் பழகிக்கொண்டார்கள்.